படிக உந்தம் குறித்து ஒரு விளக்கம் வேண்டும்

வணக்கம். பல்கலைக்கழகத்தில் திண்மநிலை இயற்பியலின் அறிமுகப் பாடத்தைப் படித்து வருகிறேன். தலைகீழ் அணிக்கோவையும் (படிகத்தின் அணு அடுக்கை அலையெண் வெளியில் காட்டும் அமைப்பு), படிகத்தில் எலக்ட்ரான் அலையின் வடிவத்தைச் சொல்லும், 1928இல் பிளாக் நிறுவிய தேற்றமும் ஓரளவு தெளிவாகிவிட்டன. தலைகீழ் அணிக்கோவையின் அடிப்படை அலகான பிரில்லுவான் மண்டலத்தின் எல்லையில் எலக்ட்ரான் அலை பிராக் எதிரொளிப்புக்கு (அணு அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துவது) உள்ளாகி இரண்டு நிலை அலைகளாக மாறுவதும், அவற்றுள் ஒன்று அயனிகளின் மேலும் மற்றொன்று அவற்றுக்கு இடையிலும் மின்னூட்டத்தைக் குவிப்பதால் ஆற்றல் இடைவெளி பிறப்பதும் இப்பாடத்தின் மிக அழகான பகுதி என்பேன்.

என் ஐயம் அதற்கு அடுத்த படியில் எழுகிறது. சீரான மின்புலத்தில் எலக்ட்ரானின் படிக உந்தம் (அதன் அலையெண்ணை ħ-ஆல் பெருக்கிய அளவு) மாறாத வீதத்தில் கூடிக்கொண்டே செல்கிறது. ஆனால் உண்மையான உந்தத்தின் சராசரி மதிப்பு, நிறையைக் குழுத் திசைவேகத்தால் (அலைப்பொதி நகரும் திசைவேகம்) பெருக்கிய அளவே என்பதால், மண்டல எல்லையை நெருங்கும்போது குறைந்து சுழியாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை அணிக்கோவை ஏற்றுக்கொள்கிறது என்று பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அயனிகள் எலக்ட்ரான்மீது செலுத்தும் சராசரி விசையை நேரடியாகக் கணக்கிட்டு இதைக் காட்ட இயலுமா? 1931ஆம் ஆண்டின் குரோனிக்-பென்னி மாதிரி (சம இடைவெளியில் மீளும் செவ்வக ஆற்றல் தடுப்புகள்) போன்ற ஒருபரிமாண அமைப்பில், கையால் செய்து பார்க்கக்கூடிய வழி இருந்தால் மிகவும் உதவும்.

ஆற்றல் பட்டையின் உச்சியில் பயனுறு நிறை (வெளி விசைக்கு எலக்ட்ரான் காட்டும் நிறை) எதிர்க்குறி பெறுவதற்கும், பெரிலியம், துத்தநாகம் போன்ற உலோகங்களில் ஹால் குணகம் (காந்தப்புலத்தில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்புலத்தின் அளவீடு) நேர்க்குறியாக அமைவதற்கும் இந்தக் கணக்கீடே அடிப்படை எனக் கருதுகிறேன். இப்பாடத்தைக் கற்பிப்பவர்கள், எந்தப் படியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை மட்டும் குறிப்பிட்டாலும் போதும். மீதியை நானே செய்து பார்த்து இங்கே பதிவிடுகிறேன்.