இருக்கையைக் கழற்றி மாட்டிய பிறகு: சொந்தமாக விமானம் கட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

ஆர்வி-7ஏ, ஒரிகன்

ஆர்வி என்பவை உதிரிபாகத் தொகுப்பாக வாங்கி நாமே கட்டிக்கொள்ளும் சிறு விமானங்கள். அவற்றில் ஆர்வி-7ஏ கட்டியவர்களுக்கு, இருக்கைச் சாய்மானத்தைத் தரையோடு பூட்டும் அந்தக் கீல் கம்பியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. ஆண்டு ஆய்வுக்காகக் கழற்றிய இரண்டு இருக்கைகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில் திரும்ப மாட்டினேன். முதுகுச் சாய்மானத்தின் அடியில் இருக்கும் கீலைத் தரைத்தகட்டுக் கீலோடு சேர்த்து, கம்பியைச் செருகி, அது இறுகி நின்றதும் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஓடுபாதையில் முழு விசை கொடுத்து, வேகம் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கி.மீ.) அளவைத் தொட்டிருந்தபோது, சாய்மானத்தின் அடிப்பகுதி எனக்குப் பின்னால் வழுக்கியது. வழுக்கிய தொலைவு நான்கு விரற்கடைக்கு மேல் இராது. ஆனால் என் உடம்பு பின்னால் போனபோது இடக்கையில் இருந்த ஸ்டிக்கும் (விமானத்தை இயக்கும் கோல்) வலக்கையில் இருந்த, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் குமிழும் என்னோடு சேர்ந்தே வந்தன. ஸ்டிக் வந்ததால் மூக்கு எழுந்தது. திராட்டில் வந்ததால் எஞ்சின் அடங்கி மூக்கு மீண்டும் தரையில் விழுந்தது. பிரேக் மிதிகள் கால் விரல் நுனிக்குத்தான் எட்டின. விமானம் இடப்பக்கம் ஒதுங்கி, ஓரத்துப் புல்லில் ஒரு சக்கரத்தை வைத்து நின்றது. கழற்றிப் பார்த்தபோது கம்பி கீலின் முதல் மூன்று கண்களில் மட்டுமே நுழைந்திருந்தது.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. கட்டும்போது, பொத்தானை அழுத்தினால் மட்டுமே தாராளமாக நகரும் வெர்னியர் வகைத் திராட்டிலைத்தான் வைக்க ஆசைப்பட்டேன். செலவு பார்த்துச் சாதாரண வகையை வைத்தேன். வெர்னியர் வைத்திருந்தால் அது என் கையோடு வந்திருக்காது.

ஆர்வி-8, அரிசோனா

ஒரிகன் நண்பர் உயிரோடு எழுதுவதில் மகிழ்ச்சி. ஆனால் வெளிச்சத்தின் மீதும் திராட்டிலின் மீதும் அவர் பேச்சைத் திருப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. கம்பியின் முனையை வளைத்து, அதைப் பாதுகாப்புக் கம்பியால் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

இருக்கை நழுவுவது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. ஆலையில் தயாராகும் செஸ்னா விமானங்களின் இருக்கைத் தண்டவாளங்களைக் குறித்த கால இடைவெளியில் ஆய்வு செய்யவேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 1987ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. 2011இல் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வந்தது. 100 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை அல்லது 12 மாதத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அப்போது, தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்து நீண்டிருக்கின்றனவா, பூட்டும் முள் போதிய ஆழம் இறங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். நான் ஓட்டக் கற்றது வாடகைச் செஸ்னா 172இல். என் பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் இருக்கையை முன்னும் பின்னும் உலுக்கச் சொல்வார். ஒருநாள் நான் உலுக்கியபோது அது 'டக்' என்று ஒரு துளை பின்னால் போய் உட்கார்ந்தது. பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை. தன் இருக்கையையும் இன்னொரு முறை உலுக்கிப் பார்த்தார். அந்த 'டக்' ஒலி எனக்கு இப்போதும் கேட்கிறது. சொந்த விமானத்திலும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

ஆர்வி-9ஏ, டெக்சாஸ்

நான் சொல்ல வந்தது ஒரு திருகைப் பற்றியது. இருக்கைக்கு அடியில் உள்ள தரைத்தகடுகளைக் கழற்றினால்தான் எலிவேட்டருக்கு (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்புக்கு) ஸ்டிக்கிலிருந்து போகும் தள்ளுதண்டான புஷ்ராடைப் பார்க்க முடியும் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் அவ்வளவு திருகுகளையும் எடுக்கிறேன். எடுத்தவற்றை எண்ணி ஒரு தகரப் பெட்டியில் போடுவது என் வழக்கம். சென்ற ஆண்டு எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது.

துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளைப் பெருமையோடு வாங்கிப் போட்டிருந்தேன். அந்த வகை எஃகு காந்தத்தில் ஒட்டாது என்பது, நீண்ட கைப்பிடி வைத்த காந்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் துழாவிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. புஷ்ராடுக்கும் அது நுழையும் துளைக்கும் இடையே ஒரு திருகு சிக்கினால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூன்று மாலைகள் தேடினேன். குழாய்க் கேமராவில் பார்த்தால் எல்லாமே திருகு போலத் தெரிந்தது. கடைசியில் ஒன்பது வயது மகளை அழைத்துவந்தேன். அவளுடைய சிறிய கை இரண்டு விலாத்தகடுகளுக்கு நடுவே முழங்கை வரை போனது. 'இருக்கிறது அப்பா' என்று சொல்லி, கையை மெல்ல வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

அது திருகு அன்று. கட்டிக்கொண்டிருந்த காலத்தில் உடைந்து விழுந்த, 30ஆம் எண் துளையிடும் அலகின் முனை. நான் அந்த விமானத்தில் அதற்குள் 300 மணி நேரத்துக்கு மேல் பறந்திருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தகடுகளைத் திறந்து, பார்த்தேன் என்று கையொப்பமும் இட்டிருந்தேன். காணாமல்போன திருகு அன்றிரவு என் கால்சட்டையின் மடிப்பிலிருந்து குளியலறைத் தரையில் விழுந்தது.

அரிசோனா நண்பருக்கு ஒன்று: பாதுகாப்புக் கம்பி நல்லதுதான். ஆனால் முதல் மூன்று கண்களில் மட்டும் நுழைந்த கம்பியின் முனையையும் அதே அழகோடு கட்டிவிட முடியும்.

ஆர்வி-7, இங்கிலாந்து

டெக்சாஸ் நண்பர் கையொப்பத்தைப் பற்றி எழுதியதால் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில், விமானத்தைக் கட்டியவரே அதற்கான ரிப்பேர்மேன் சான்றிதழைப் பெற்று, ஆண்டு ஆய்வைத் தாமே செய்து தாமே கையொப்பமிட முடியும். இங்கே கட்டுப்பாட்டு அமைப்பில் கை வைத்தால் இன்னொருவரும் தனியாகச் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். அது வெறும் காகிதச் சடங்கு என்று நானும் முன்பு முணுமுணுத்தவன்தான்.

இருக்கைகளைக் கழற்றிப் புதிய தோலுறை போடக் கொடுத்தபோது, தொடை வலிக்கிறது என்பதற்காக, குஷனின் முன் விளிம்பை ஓர் அங்குலம் உயர்த்தித் தைக்கச் சொன்னேன். புஷ்ராடின் இணைப்பு ஒன்றையும் அப்போது பிரித்துப் பூட்டியிருந்ததால் இரண்டாவது ஆய்வாளர் வந்தார். நான் ஏற்கெனவே வெளியே நின்றபடி காக்பிட்டுக்குள் கையை விட்டு ஸ்டிக்கை நான்கு பக்கமும் ஆட்டிப் பார்த்திருந்தேன். தடை ஏதும் இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே ஏறி உட்கார்ந்து, வார்களை எல்லாம் இறுக்கிக்கொண்டு, ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்தார். நான் வால் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எலிவேட்டர் எழுந்தது, நின்றது. அதை அசைக்கும் கொம்புக்கும், அது முழுவதும் எழுந்தால் முட்டி நிற்க வேண்டிய தடைக்கட்டைக்கும் நடுவே என் இரண்டு விரல்களை நுழைக்க இடம் இருந்தது. ஆள் உட்கார்ந்ததும் குஷன் நடுவில் அமுங்கி முன்னால் பிதுங்கி, ஸ்டிக்கின் தண்டை மறித்துவிட்டது.

அவர் உள்ளேயிருந்து, 'முழுவதும் வந்துவிட்டதா?' என்று கேட்டார். நான் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒரு நொடித் தயக்கம் ஏன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

ஆர்வி-10, கனடா

என் கதை சிறியது. ஜனவரியில், மைனஸ் 20 டிகிரிக் குளிரில், வெப்பமூட்டாத ஹேங்கரில் புதிய இருக்கைகளை மாட்டி உட்கார்ந்து பார்த்தபோது, வாங்கிய இடத்தில் வெண்ணெய் போல இருந்த மெத்தை பலகையாக இருந்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவருக்குத் தொலைபேசியில் கோபமாகப் பேசினேன். இருபது நிமிடம் உட்கார்ந்திருங்கள் என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்தேன்; உடல் சூட்டில் மெத்தை தானாக இளகியது. அவரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க நான் இன்னும் துணியவில்லை.

மெத்தையைப் பற்றிப் பேச்சு வந்ததால் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். கான்ஃபோர் என்ற நுரைப்பஞ்சு போன்றவற்றால் ஆன மெத்தைகள் மெதுவாக அழுத்தினால் இளகும், திடீரென அடித்தால் இறுகும், குளிரில் கல்லாகும். சோபாக் கடைப் பஞ்சு உட்கார இதமாக இருந்தாலும், விமானம் தரையில் மோதும்போது முதலில் முழுவதும் அமுங்கிவிடும். அதற்குள் தரைத்தகடு வேகமிழந்து நின்றிருக்க, உடம்பு மட்டும் அதே வேகத்தில் வந்து அதன்மேல் மோதும். முதுகெலும்புக்கு நேரும் அடி, மெத்தையே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் நேர்வதைவிடக் கூடுதலாகவும் ஆகலாம். எனவே இங்கிலாந்து நண்பர் குஷனை எதனால் உயர்த்தினார் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். உறைத் துணியின் ஒரு துண்டைத் தீயில் காட்டிப் பார்க்காமல் தைக்கக் கொடுக்காதீர்கள். இருக்கை வார்களின் போல்ட்டில் நைலான் வளையம் வைத்த நட்டைத் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள், விரலால் திருகினாலே அது சுழன்று போகிறதா என்று பாருங்கள். போனால் தூக்கி எறியுங்கள். 3/16 அங்குல போல்ட்டின் வழக்கமான நட்டுக்கு 20 முதல் 25 அங்குல பவுண்டு முறுக்கம் போதும். முறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை வைத்துக்கொண்டே மணிக்கட்டு பலத்தைக் காட்டும் சிலரை நான் அறிவேன். பழைய இருக்கையையும் புதிய இருக்கையையும் தராசில் நிறுத்து, வேறுபாட்டை, எடைக் கணக்கின் தொடக்கப் புள்ளியிலிருந்து இருக்கை அமைந்த தூரத்தால் பெருக்கி, காலி எடையையும் ஈர்ப்பு மையத்தையும் திருத்திப் பதிவேட்டில் எழுதுங்கள். ஆர்வி-10இல் பின் இருக்கைகளைக் கழற்றிச் சைக்கிள் ஏற்றிப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். மீண்டும் மாட்டிய பிறகும் பழைய கணக்கையே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை அதைவிட அதிகமாக மறக்கிறார்கள்.

ஆர்வி-7, இங்கிலாந்து

தொடை வலித்ததால் உயர்த்தினேன் என்று எழுதியிருந்தேன். இப்போது பழைய உயரத்துக்கே வெட்டிவிட்டேன், தொடை வலிக்கிறது.

ஆர்வி-7ஏ, ஒரிகன்

அரிசோனா நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. டெக்சாஸ் நண்பர் அதற்குச் சொன்ன மறுப்பு இன்னும் சரி. நான் இப்போது கம்பியின் முனையிலிருந்து ஓர் அங்குலத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி வைத்திருக்கிறேன். கம்பி எல்லாக் கண்களையும் கடந்தால்தான் அந்தச் சிவப்பு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். கைவிளக்கில்லாமல் இருக்கை மாட்டுவதில்லை. மாட்டியதும், கட்டும்போது எனக்கு உதவிய பக்கத்து ஹேங்கர்க்காரர் உள்ளே உட்கார்ந்து, இரண்டு கால்களையும் முன்னால் ஊன்றி முதுகால் உந்தித் தள்ளுகிறார். அவர் எடை 110 கிலோ.

ஆர்வி-9ஏ, டெக்சாஸ்

இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று இரவு பத்து மணிக்கு ஹேங்கருக்குப் போனேன். இடப்பக்க இருக்கையின் கம்பி முழுவதும் போயிருந்தது. வலப்பக்கத்துக் கம்பி கடைசி இரண்டு கண்களுக்கு முன்னால் நின்றிருந்தது. ஏப்ரலில் ஆய்வு முடித்து அதை மாட்டியவன் நான்தான். பதிவேட்டில் என் கையொப்பம் இருக்கிறது. அதன்பின் அந்த இருக்கையில் என் மகள் பதினொரு முறை பறந்திருக்கிறாள் என்று அதே பதிவேட்டைப் புரட்டி எண்ணினேன்.