கம்பெனி வரட்டும், ஓடைப் பக்கம் வேண்டாம்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் ஏரிக்குத் தண்ணீர் வரும் ஓடையை ஒட்டிய நிலத்தை முலாம் பூசும் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று துபாய் மாமா எழுதியிருந்ததைப் படித்தேன். நம் பையன்கள் வேலைக்காக ஓசூர், பெங்களூர் என்று அலைவது நிற்கும் என்கிறார். நியாயம்தான். என் தம்பி மகனே ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். கம்பெனி வரட்டும் மாமா, அந்த இடம் மட்டும் வேண்டாம்.

நான் குடியிருப்பது பெங்களூரில், வர்த்தூர் ஏரிப் பக்கம். மழைக்காலத்தில் ஏரிக் கோடியில் நுரை மலையாகக் குவிந்து, காற்றடித்தால் வண்டியில் போகிறவர்கள் முகத்தில் வந்து அப்பும். அதைத் தடுக்கவே ரோட்டோரம் வலை கட்டினார்கள். மேலே உள்ள பெல்லந்தூர் ஏரி பெங்களூரிலேயே பெரியது, சுமார் 900 ஏக்கர். 2015-இல் அதன் நுரை தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் பிடித்த தீயை அணைக்க ராணுவ வீரர்கள் வரவேண்டியதாயிற்று. சுத்திகரிக்காத சாக்கடையும் சோப்புத்தூள் கழிவும் ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்கள் வழியாக இறங்கி, வருடக்கணக்கில் அடியில் சேறாகப் படிந்ததன் விளைவு இது. அந்த டிசம்பரில் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடியும் மாநகராட்சிக்கு 25 கோடியும் கட்டச் சொன்னது. ஏரிகளைச் சீர்செய்ய 500 கோடி ரூபாயைத் தனியே ஒதுக்கவும் உத்தரவிட்டது. சம்பாதித்த ஊர்தான், ஆனால் ஏரியைக் கெடுக்க ஆன செலவைவிட மீட்க ஆகும் செலவு எத்தனை மடங்கு என்று பாருங்கள்.

வர்த்தூர் தண்ணீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மதகு திறந்தால் நுரை பொங்குவதை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். மேலே இருப்பவன் இப்படிச் செய்கிறானே என்று வயிறெரிகிறோம். நம் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குத்தானே போகும்? நம் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுத்த ஊர் அது.

நுரையாவது கண்ணுக்குத் தெரியும். முலாம் கழிவில் உள்ள குரோமியம், நிக்கல் கொஞ்சமாகக் கிணற்றில் இறங்கினால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, கொதிக்க வைத்தாலும் போகாது.

முதலில் வேலை, மாசை அப்புறம் பார்க்கலாம் என்பவர்கள் திருப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள். நொய்யலைக் கெடுத்த சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. ஆறும் போய், வேலையும் நின்றது.

தார்ரோட்டுக்கு மேற்கே கல்லாங்காடாகக் கிடக்கும் மேட்டு நிலத்தைக் காட்டுவோம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத ஏற்பாடு இருக்கவேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பார்த்த பிறகே கிரயம் என்று சொல்வோம். ஓடைப் புறம்போக்கை அளந்து கல் நடவேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடவேண்டும். ஊரில் இருப்பவர்கள் தாலுகா ஆபீஸில் நில அளவை வரைபட நகலுக்கு மனுக் கொடுங்கள். கட்டணத்தையும் சர்வேயர் செலவையும் சங்கத்தின் பெங்களூர் கிளை ஏற்றுக்கொள்ளும். பொங்கலுக்கு வரும்போது எல்லோரும் ஓடையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுப்போம்.