விர்ச்சுவல் ஐபி இடம் மாறியதும் வரும் எஸ்எஸ்எச் எச்சரிக்கை: உங்கள் அனுபவம்?

கிருஷ்ணகிரியிலிருந்து
மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் இரட்டை சர்வர்களைப் பராமரிக்கிறேன். சீசன் உச்சத்தில் மின்வெட்டால் முதல் நோடு (அதாவது முதல் சர்வர்) விழுந்தது. கீப்அலைவ்டு என்ற மென்பொருள், இரண்டுக்கும் பொதுவான முகவரியான விர்ச்சுவல் ஐபியை இரண்டாவதற்கு ஒழுங்காக மாற்றிவிட்டது. அடுத்து ஷிப்ட் பணியாளர், தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய முயன்றபோது, சர்வரின் அடையாளமான ஹோஸ்ட் கீ மாறிவிட்டது, யாரோ இடையில் புகுந்திருக்கலாம் என்ற எச்சரிக்கை திரை முழுவதும் விரிந்தது. அவர் அதன் முதல் வரியைக்கூடப் படிக்காமல், தெரிந்த சர்வர்களின் கீகளைத் தம் கணினியில் சேமிக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து பழைய பதிவை நீக்கி, அடுத்து வந்த கேள்விக்கு 'யெஸ்' தட்டி, கடவுச்சொல்லையும் இட்டுவிட்டார். "ஒவ்வொரு தடவை மாறும்போதும் இது வரும் சார்" என்றார். அந்தக் கைவேகம்தான் இன்னும் உறுத்துகிறது. உண்மையிலேயே ஒருவன் நடுவில் உட்கார்ந்திருந்தாலும் கடவுச்சொல் அதே வேகத்தில் அவனிடம் போயிருக்கும்.

ஓசூரிலிருந்து
பணியாளரைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பொய் எச்சரிக்கையைத் தினமும் காட்டும்படி அமைத்தவர்தான் அவரை அப்படிப் பழக்கியிருக்கிறார். எங்கள் சிப்காட் ஆலையில் இரு நோடுகளிலும் ஒரே ஹோஸ்ட் கீயை வைத்தோம், தொல்லை நின்றது. கீ சோதனையையே அணைத்துவிடும் ஸ்கிரிப்டுகளை எழுதி வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: யாருடைய கீக்கு அனுமதி என்று பட்டியலிடும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புகள் இரு நோடுகளிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேலையை விட்டுச் சென்றவரின் கீயை ஓடும் நோடில் மட்டும் நீக்கியிருந்தால், ஃபெயில்ஓவர் ஆன (மற்ற நோடு பொறுப்பேற்ற) நொடியில் அவருக்குக் கதவு திறந்துவிடும். எஸ்எஸ்எச் அமர்வும் ஃபெயில்ஓவரைத் தாண்டாது, ஏனெனில் டிசிபி இணைப்பின் நிலை பழைய நோடிலேயே இருக்கிறது. இணைப்பு அறுந்தாலும் அமர்வைக் காக்கும் டிமக்ஸ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்பவர்களுக்கும் இதுவே பதில். அதுவும் அந்த நோடோடு போய்விடும்.

தருமபுரியிலிருந்து
ஓசூர் நண்பர் சொல்வது பாதிதான் சரி. ஒரே கீ வைத்திருந்த ஓர் இடத்தில், இரவில் முதல் நோடின் டிஸ்க் பழுதாகி, இரண்டாவது பொறுப்பேற்றிருந்தது. டிஸ்க் மாற்ற வந்த வெளிப் பொறியாளர், தம் மடிக்கணினியில் சேமித்திருந்த முகவரி முதல் நோடுடையது என்றே நம்பி, விர்ச்சுவல் ஐபி வழியாக நுழைந்து ஷட்டவுன் கொடுத்தார். எந்த எச்சரிக்கையும் வரவில்லை. நின்றுபோனது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது நோடு. பில்லிங் கவுண்டர் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் அறையைத் திரும்பிப் பார்த்தார்கள். விர்ச்சுவல் ஐபி சேவைக்கானது. பராமரிப்புக்கு நோடின் சொந்தப் பெயரில்தான் நுழைய வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் ஹோஸ்ட் சான்றிதழ் (நோடின் கீயைத் தனியொரு கீயால் கையொப்பமிட்டு உறுதிசெய்வது) இருக்கிறது, 2010இல் வெளியான ஓபன்எஸ்எஸ்எச் 5.4 முதலே. ஒவ்வொரு நோடும் தன் கீயையே வைத்துக்கொள்ளும். சான்றிதழில் அதன் சொந்தப் பெயரோடு விர்ச்சுவல் பெயரும் சேர்ந்திருக்கும். பயனர் கணினியில், அந்தச் சான்றிதழில் கையொப்பமிட்ட கீயின் பொதுப் பகுதியை நம்பச் சொல்லும் ஒரே ஒரு வரி போதும்.

கிருஷ்ணகிரியிலிருந்து
கையொப்பமிடும் கீயை இரு நோடுகளிலும் வைக்கக் கூடாது என்பது புரிகிறது. அதைக் கடவுச்சொல் பூட்டிய பென் டிரைவில் போட்டு, கணக்கர் அறை அலமாரியில் வைக்கலாமா, அல்லது அதற்கென்று வலையில் இணையாத தனிக் கணினி வேண்டுமா?