அம்மா புடவையில் தைத்த ஜன்னல் திரை குட்டையாகிவிட்டது, உதவுங்கள்

மன்னார்குடி மகள்:
வெளிநாடு வந்து ஏழு வாரம் ஆகிறது. நாலரை மணிக்கே அறை முழுக்க வெளிச்சம். எட்டு மாதக் குழந்தை எழுந்து அழுகிறான். இவர் இரவு வேலை முடித்து ஆறு மணிக்குத்தான் வந்து படுக்கிறார், அவருக்கும் தூக்கமில்லை. அம்மா கொடுத்தனுப்பிய நூல் புடவையை வெட்டி, இரவல் மெஷினில் மூன்று இரவு உட்கார்ந்து இரண்டு திரை தைத்தேன். மாட்டியபோது சரியாக இருந்தது. பால் கறை போகட்டும் என்று துவைத்தேன். இப்போது கீழே நான்கு விரல் இடைவெளி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறது. அம்மாவின் புடவையை வீணாக்கிவிட்டேனோ என்று நினைத்தால் அழுகை வருகிறது. என்ன செய்வது?

வலங்கைமான்:
ஊரிலிருந்து தையல் மெஷினைக் கொண்டுவந்துவிடாதீர்கள். நான் கனடா வந்தபோது மோட்டார் வைத்த மெஷினைத் தூக்கி வந்தேன். இங்கே 120 வோல்ட், நம் மெஷினுக்கு 230 வோல்ட். அது ஓடவே இல்லை. முதல் குளிர்காலம் முழுவதும் கையில்தான் தைத்தேன், விரல் நுனி வெடித்து ரத்தம் வரும்.

குத்தாலம் அண்ணன்:
தங்கையே, தையல் எதற்கு? கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டிவிடுங்கள். என் முதல் வருடம் அப்படித்தான் போனது.

பாபநாசம்:
ஒட்டாதீர்கள். வாடகை வீடென்றால் பசை பிடித்துக்கொண்டு முன்பணத்தில் கை வைப்பார்கள், எனக்கு நடந்தது. கடையில் ஆயத்தத் திரை வாங்குங்கள்.

குத்தாலம் அண்ணன்:
ஆயத்தத் திரையும் நம் ஜன்னல் அளவுக்கு வராது. அதையும் வெட்டித் தைக்கத்தான் வேண்டும்.

நீடாமங்கலம்:
ஜூன் மாதம் வந்தாலே எனக்கு இந்த வெளிச்சம் பிடிப்பதில்லை. ஊரில் பன்னிரண்டாம் தேதி மேட்டூர் திறந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் ஊரில் ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் தண்ணீர் வந்த அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவார். இங்கே பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட இரண்டு வருடமாகத் தெரியாது.

வலங்கைமான்:
உண்மை. வாடகையும் ஏறிக்கொண்டே போகிறது.

திருவாரூர் அக்கா:
அந்தப் பெண் திரையைப் பற்றிக் கேட்டாள். அம்மா, எந்த நாடு? கம்பி எவ்வளவு அகலம்? ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் இருக்கிறதா? வெட்டியது போக மீதித் துணி வைத்திருக்கிறாயா?

மன்னார்குடி மகள்:
மன்னிக்கவும் அக்கா. கிளாஸ்கோ, வாடகை வீடு. கம்பி ஐந்தடி. கீழே ஹீட்டர் இருக்கிறது. முந்தானைப் பக்கம் முழுவதும் அப்படியே வைத்திருக்கிறேன், வெட்ட மனம் வரவில்லை.

திருவாரூர் அக்கா:
அதுதான் உன்னைக் காப்பாற்றப் போகிறது. நூல் துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவைக்க வேண்டும். அது தவறிவிட்டது, பரவாயில்லை. இனி அதற்கு மேல் அதிகம் சுருங்காது. முந்தானைத் துண்டையும் இப்போதே ஊறப்போடு, அதே போலச் சுருங்கட்டும். நனைக்காமல் சேர்த்தால் அடுத்த துவைப்பில் தையல் சுருக்கு விழும்.

பிறகு பழைய அடிமடிப்பைப் பிரி. ஓர் அங்குல இரட்டை மடிப்பென்றால் இரண்டு அங்குலம் திரும்பக் கிடைக்கும். இஸ்திரி போட்டுத் தரையில் விரித்து, இரண்டு திரையையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக் கோணலை வெட்டு. முந்தானையில் குறுக்காக எட்டு அங்குல உயரத்தில் இரண்டு பட்டி எடு. அரை அங்குலம் இணைப்புத் தையலில் போகும், மூன்று அங்குலம் அடிமடிப்பில் போகும், மீதி உன் இடைவெளியை மூடும். பட்டியும் புடவையின் முழு அகலம் என்பதால் கரையோடு கரை வந்து சேரும். ஒட்டுப் போட்டதாகத் தெரியாது, முந்தானை வைத்துத் தைத்த திரையாகத்தான் தெரியும்.

அடியை உடனே தைத்துவிடாதே. ஓர் இரவு தொங்கவிடு, துணி தன் கனத்தில் இறங்கட்டும். என் அப்பா திருவாரூர் ஆழித்தேருக்குச் சீலையும், குழல் போலத் தொங்கும் தொம்பையும் தைத்தவர்களோடு வேலை பார்த்தார். 96 அடித் தேரில் தொங்குவதைத் தரையில் அளந்து முடிக்க முடியுமா என்பார். மாட்டிய நிலையிலேயே ஜன்னல் திட்டுக்கு ஓர் அங்குலம் கீழே ஊசி குத்தி அடையாளம் வைத்துத் தை. அதற்கும் கீழே இறக்கினால் ஹீட்டர் சூடு திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

அடிமடிப்பின் இரு மூலையிலும் ஒரு ரூபாய் நாணயத்தைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து வாயைத் தைத்துவிடு. குழந்தை பிரிக்காதபடி இறுக்கமாகத் தை. திரை நேராக நிற்கும்.

பாபநாசம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் நூல் புடவை வெளிச்சத்தை மறைக்காதே?

திருவாரூர் அக்கா:
மறைக்காது. வெளிச்சம் புகாத லைனிங் துணி மீட்டர் கணக்கில் கிடைக்கும். புடவைக்குப் பின்னால், ஓர் அங்குலம் குட்டையாக, தனியாக ஓரம் அடித்து மேல் நாடாவில் மட்டும் சேர்க்க வேண்டும். அடியில் சேர்த்துத் தைத்தால் ஒன்று இழுத்து ஒன்று தொங்கும். குளிர்காலத்தில் கண்ணாடி வியர்க்கும், துணி அதில் படாமல் பார்த்துக்கொள். பட்டால் கரும்பூசணம் பிடிக்கும்.

மன்னார்குடி மகள்:
முந்தானையை ஊறப்போட்டுவிட்டேன் அக்கா. நீளம் எண்பது அங்குலம் இருக்கிறது, இரண்டு பட்டி போக நிறைய மிஞ்சும். சாயம் கொஞ்சம் விடுகிறது, தனியாகத்தான் அலசுகிறேன். லைனிங் நாளை வாங்கப் போகிறேன். கம்பி ஐந்தடிக்கு எத்தனை மீட்டர் கேட்க வேண்டும்?

திருவாரூர் அக்கா:
துணி அகலம் 54 அங்குலம் இருந்தால், திரைக்கு ஒரு துண்டு வீதம் இரண்டு துண்டு. மேல்நாடாவிலிருந்து திட்டு வரை அளந்து அதோடு எட்டு அங்குலம் சேர்த்து, இரண்டால் பெருக்கிக் கேள். டேப்பைக் கையோடு எடுத்துப் போ.