போல்கெரி சிவப்பு ஒயின்: 2 லிட்டருக்குள் எதை வாங்குவது, கோத்தகிரியில் எப்படி வைப்பது?

கோத்தகிரி வாசகர்:
வணக்கம். தம்பி இத்தாலியில் பீசா நகரில் படிப்பை முடித்து மே மாதம் ஊர் திரும்புகிறான். அதற்கு முன் ஒரு நாள், தோஸ்கானாக் கடலோரத்தில் ஒயினுக்குப் பேர்போன ஊரான போல்கெரி போகிறான். அங்கே முக்கியமான ஒயினரிகள் எவை? கையிருப்பு 120 யூரோ. ஒரு பாட்டிலை உடனே திறக்க வேண்டும், இன்னொன்றை நாலைந்து வருஷம் வைக்க வேண்டும். வீடு கருங்கல் சுவர், ஏசி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரெல்லாம் ஓதம் காக்கும். ஒயின் கெடுமா?

திராட்சைக்கொடி:
போல்கெரியின் பேர்பெற்ற ஒயினான சாஸ்ஸிகாயாவை இந்தத் தடவை விட்டுவிடச் சொல்லுங்கள். ஒரு பாட்டிலே 200 யூரோவைத் தாண்டும். வாங்கினாலும் பத்துப் பதினைந்து வருஷம் காத்திருந்தால்தான் அதன் அருமை தெரியும். ஆனால் போல்கெரியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. கடலோரத்தில் நல்ல சிவப்பு ஒயின் வராது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், 1944-இல் மாரியோ இன்சீசா தெல்லா ரோக்கெத்தா தன் சான் குய்தோ பண்ணையில் பிரெஞ்சுத் திராட்சை ரகமான கேபர்னே சாவிஞ்ஞோனை நட்டார். வெகுகாலம் அது குடும்பத்துக்குள்ளேயே குடித்த ஒயின். 1968 அறுவடைதான் முதலில் விற்பனைக்கு வந்தது. 1978-இல் லண்டனில் டிகேன்டர் பத்திரிகை நடத்திய சுவைப் போட்டியில் 1972 சாஸ்ஸிகாயா முதலிடம் பெற்றது. போல்கெரி சிவப்புக்கு, ஊரின் பெயரை லேபிளில் போடும் சட்டப்படியான தகுதி கிடைத்தது 1994-இல்தான். 2013 முதல் சாஸ்ஸிகாயாவுக்கென்றே தனித் தகுதி உண்டு.

'சாஸ்ஸோ' என்றால் கல். கல்லாங்காடு என்றுதான் அந்தப் பெயருக்குப் பொருள். நீர் தேங்காத சரளை மண், மேற்கே கடல், பிற்பகலில் வீசும் கடற்காற்று, கிழக்கே காற்றைத் தடுக்கும் குன்றுகள். கேபர்னே அங்கே நன்றாகப் பழுப்பதற்கு இவைதான் காரணம்.

அடுத்த ஒயினரி ஓர்னெல்லாயா. 1981-இல் லோதோவிகோ அன்தினோரி தொடங்கியது. அவர்களுடைய மாஸ்ஸேத்தோ ஒயின் பெரும்பாலும் மெர்லோ திராட்சை, நீலக் களிமண்ணில் விளைவது, விலை நமக்கு எட்டாது. லே மாக்கியோலே ஒயினரியின் பாலேயோ 2001 முதல் முழுக்கக் கேபர்னே ஃப்ராங் திராட்சை. கிராத்தாமாக்கோ கொஞ்சம் மேட்டு நிலம். அவர்கள் கேபர்னே, மெர்லோவோடு உள்ளூர் ரகமான சான்ஜோவேஸேயும் சேர்ப்பதால் புளிப்பு தூக்கலாக இருக்கும், சாப்பாட்டுக்கு நன்றாகப் பொருந்தும். அன்தினோரி குடும்பத்தின் குவாதோ அல் தாஸ்ஸோ, ஆஞ்சலோ காயாவின் கா மார்காந்தா இரண்டும் பார்க்க வேண்டியவை.

உங்கள் பணத்துக்கு என் தேர்வு: வைப்பதற்கு ஓர்னெல்லாயாவின் இரண்டாம் ஒயின் லே ஸெர்ரே நுவோவே, ஏறக்குறைய 50–60 யூரோ. உடனே திறக்க, குவாதோ அல் தாஸ்ஸோவின் இல் புருச்சாத்தோ அல்லது லே மாக்கியோலேயின் போல்கெரி ரோஸ்ஸோ, 20–30 யூரோ. பெரிய ஒயினரியின் இரண்டாம் ஒயின், பெயர் தெரியாத ஒயினரியின் முதல் ஒயினைவிட நம்பகமானது. அதே தோட்டத்தின் இளங்கொடிகளும், முதல் ஒயினுக்கு எடுக்காத பீப்பாய்களும்தான் அதில் சேர்கின்றன.

அறுவடை ஆண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 2016, 2019, 2021 அருமை. 2014 மழையில் நனைந்த ஆண்டு. 'தோஸ்கானா' என்று மட்டும் போட்டிருந்தால் அது போல்கெரித் தகுதி பெற்ற ஒயின் அல்ல. லே வோல்தே, லே திஃபேஸே இரண்டும் அப்படி. மோசமில்லை, ஆனால் அவ்வளவு தூரம் போய் வாங்க வேண்டியதில்லை.

ஒயினரிக்குள் போக முன்பதிவு கட்டாயம். கிடைக்காவிட்டால் போல்கெரி கிராமத்து ஒயின் கடைகளில் கோப்பைக் கணக்கில் ருசி பார்த்துவிட்டு வாங்கலாம்.

மலைச்சாரல்:
வாங்குவதைவிடக் கொண்டுவருவதில்தான் கவனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்குச் சுங்கவரியில்லாமல் 2 லிட்டர் வரைதான் அனுமதி. 750 மில்லி பாட்டில் இரண்டு போக, 375 மில்லி அரை பாட்டில் ஒன்றுக்கும் இடம் இருக்கிறது (மொத்தம் 1,875 மில்லி). பில் கையில் இருக்கட்டும். கோவையிலோ சென்னையிலோ சுங்கத்தை முடித்தால் மாநில எல்லைத் தொல்லை வராது.

கோத்தகிரி குளிர் ஒயினைக் கெடுக்காது, மேட்டுப்பாளையம் வெயில் கெடுக்கும். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் 750 மில்லி ஒயின் ஏறக்குறைய 5 மில்லி விரியும். கார்க்குக்குக் கீழே உள்ள காலி இடமே அவ்வளவுதான். அதனால் கார்க் மேலே தள்ளும், ஓரமாகக் கசியும், மறுபடி குளிரும்போது காற்றை உள்ளே இழுக்கும். மே மாத மதியத்தில் காரை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் டிக்கியில் அதுதான் நடக்கும். தெர்மோகோல் பெட்டி, நடுவில் துணியில் சுற்றிய ஐஸ் பேக், விடியற்காலைப் பயணம். வந்ததும் கார்க்கின் தலையைத் தடவிப் பாருங்கள். மூடித்தகடு விம்மியிருந்தாலோ பிசுபிசுப்பு இருந்தாலோ அந்தப் பாட்டிலைச் சேமிக்காமல் முதலில் திறந்துவிடுங்கள்.

வீட்டில் வைக்க 12–15 டிகிரி நல்லது. அதைவிட முக்கியம், சூடும் குளிரும் மாறி மாறி வராமல் இருப்பது. வெளிச்சுவர் இல்லாத உள்ளறையில், தரையை ஒட்டி, படுக்கைவாட்டில் வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் உள்ள மச்சும், ஃப்ரிட்ஜின் தலைமேலும் வேண்டவே வேண்டாம். ஓதத்தால் ஒயினுக்குக் கேடில்லை, கார்க் காயாமல் இருக்க அது உதவும். கெடுவது லேபிள்தான். பாட்டிலைச் சமையலறை கிளிங் ஃபிலிமில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். மூடிக்கு மேல் பூசணம் கண்டால் ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறக்கலாம், உள்ளே இருப்பது பத்திரமாகவே இருக்கும்.

கோத்தகிரி வாசகர்:
மிக்க நன்றிங்க. திறக்கும் அன்றைக்கு மட்டன் மிளகு வறுவல்தான் யோசித்திருக்கிறோம். சரிவருமா? காற்றாட ஊற்றிவைக்கும் டிகாண்டர் குடுவை வேண்டுமா?

திராட்சைக்கொடி:
மிளகு சரி, பச்சை மிளகாய் சரிவராது. மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கிளறிவிடும், நாக்கில் துவர்ப்பும் எரிச்சலும்தான் நிற்கும். தேயிலைக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். திக்கான டிகாஷனில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிறது அல்லவா? பாலில் உள்ள புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு ஒயினின் துவர்ப்புப் பொருளான டானினை ஆட்டுக்கறியும் முதிர்ந்த செடார் சீஸும் அதே மாதிரிதான் பிடிக்கின்றன. இல் புருச்சாத்தோவில் சிரா திராட்சையும் கலந்திருப்பதால் மிளகோடு நன்றாகப் போகும்.

மார்கழி இரவில் திறப்பதானால் அறையே 12 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்தக் குளிரில் ஊற்றினால் மணம் எழாது, துவர்ப்பு மட்டும் தெரியும். 16–18 டிகிரி வேண்டும். அடுப்போரம் வைக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலைப் பத்து நிமிஷம் நிறுத்துங்கள். இளம் ஒயினுக்கு டிகாண்டர் இல்லையென்றால் சுத்தமான கண்ணாடிக் கூஜா போதும், முக்கால் மணி நேரம்.

மலைச்சாரல்:
கூஜாவில் பழைய ஊறுகாய் வாசம் இருக்கக் கூடாது. ஊற்றுகிறவர் கையில் நீலகிரித் தைலமும் கூடாது, கோப்பையில் அது மட்டும்தான் மணக்கும். ஐந்து வருஷம் வைக்கும் பாட்டிலில் மண்டி சேர்ந்திருக்கலாம். திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள். கழுத்துக்குக் கீழே டார்ச் அடித்தபடி நிதானமாக ஊற்றி, மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். மிஞ்சினால் கார்க்கை அடைத்து ஃப்ரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள், மூன்று நாள் தாங்கும்.