குட்டைக்கரையில் வைத்த பெட்டி: சிப் தூங்கும்போதும் கரண்ட் இழுக்கிறதே?

கிள்ளைக்காரன்:
இறால் குட்டையில் தண்ணி இறங்கினால் மணி அடிக்க ஒரு பெட்டி செய்திருக்கிறேன். உள்ளே ஏடிமெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சிப், 3 வோல்ட், பவர்-டவுன் (ஆழ்ந்த தூக்கம்), வாட்ச்டாக் (சிப்புக்குள்ளே இருக்கும் காவல் டைமர்) மட்டும் ஓடுது. வீட்டு மேசையில் 5 மைக்ரோஆம்ப். மிதவை சுவிட்சை மாட்டி கரையில் வைத்தால் 40-ஐத் தாண்டுது, ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டேங்குது. சுவிட்ச் ஒயர்கிட்ட கையைக் கொண்டுபோனால் இன்னும் ஏறுது. வெயில்தான் காரணமா?

முதுநகர் ஏரேட்டர்:
தம்பி, வெயிலுக்குப் பங்கு உண்டு, ஆனா அவ்வளவு இல்லை. ஆஃப் ஆன டிரான்சிஸ்டரிலும் துளி கரண்ட் கசியும். சூடு 10 டிகிரி ஏறினால் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். இந்தச் சிப்புக்கு டேட்டாஷீட் கணக்கு 1.8 வோல்ட், 25 டிகிரியில் 0.1 மைக்ரோஆம்ப். பெட்டி 60 டிகிரி கொதித்தாலும் 1, 2-க்கு மேல் போகாது. பிரவுன்-அவுட் (வோல்டேஜ் இறங்குதான்னு பார்க்கும் சர்க்யூட்) ஓடினால் 20 போல இழுக்கும். ஆனா மேசையில் 5தான் காட்டுச்சுன்னா அதுவும் இல்லை.

கை கிட்டப் போனா ஏறுதுன்னு சொன்னீங்களே, விஷயம் அங்கேதான். சுவிட்ச் ஐஎன்டி0 பின்னில்தானே, அதாவது வெளியிலிருந்து இன்டரப்ட் (எழுப்பும் சிக்னல்) வாங்கும் காலில்? தூங்கும்போது மற்ற பின்களின் இன்புட்டைச் சிப்பே அடைத்துவிடும். இன்டரப்ட் வைத்த பின்னை மட்டும் திறந்தே வைத்திருக்கும், எழுப்பணுமே! குட்டை நிறைஞ்சு சுவிட்ச் திறந்திருக்கும்போது அந்த நீள ஒயர் ஏரியல் மாதிரி அந்தரத்தில் நிற்குது. வோல்டேஜ் நடுவாந்தரத்தில் அலையும். அப்போ இன்புட்டில் மேல் டிரான்சிஸ்டர், கீழ் டிரான்சிஸ்டர் இரண்டும் பாதி திறந்து, பேட்டரியிலிருந்து கிரவுண்டுக்கு நேரா வழி விடும்.

1 மெகாஓம் புல்-அப் (பின்னை பேட்டரி பிளஸ் பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) போடுங்க, சிப் பக்கத்திலேயே கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். உள்ளே இருக்கும் புல்-அப் வேண்டாம்: அது 20 முதல் 50 கிலோஓம், சுவிட்ச் மூடினால் 60 முதல் 150 மைக்ரோஆம்ப் போகும். வெளியே போட்டது 3தான்.

வில்லியனூர்:
அண்ணன் சொன்னதோடு ஒண்ணு. 1 மெகாஓம்னா போர்டு சுத்தமா இருக்கணும். சால்டர் பண்ணும்போது ஒட்டின ஃபிளக்ஸ் பிசின் மேல உப்புக்காத்து ஈரம் பிடிச்சா அதுவே ஒரு ரெசிஸ்டர். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, நல்லா காயவிட்டு ஈரம் புகாத கோட்டிங் அடிங்க.

கிள்ளைக்காரன்:
ஐஎன்டி0 தான் அண்ணே. புல்-அப்பும் கெப்பாசிட்டரும் போட்டாச்சு. நடு வெயிலில் 6, ஒயரைக் கையில் பிடித்தாலும் அசையல. கோட்டிங் அடிச்சுட்டு மழைநாளில் அளந்து போடுறேன்.