லெஸ் பால் கிட்டாரை ஃப்ளைட்ல கொண்டுபோன அனுபவம் இருக்கா?

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாசம் சென்னையிலிருந்து லண்டன் போறேன், நடுவுல ஃப்ளைட் மாறணும். கூடவே என் கிப்சன் லெஸ் பாலும் வருது. ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரா இருந்தா பின்னாடி நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, நெக்கைத் தனியா எடுத்து சூட்கேஸ்லயே வெச்சிடலாம். இதுல நெக் ஒட்டினது. ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்குற சாவிகள் இருக்கிற தலைப்பகுதி) வேற 17 டிகிரி பின்னாடி சாய்ஞ்சிருக்கு. கேஸ் மல்லாக்க விழுந்தாலே போதும், தந்தியைத் தாங்குற 'நட்' பட்டைக்குப் பக்கத்துல, நெக்குக்குள்ள போற ட்ரஸ் ராடு கம்பிக்காகக் குடைஞ்ச இடத்துல விரிசல் விட்டுடும்.

ஹார்ட் கேஸ் இருக்கு. தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்கு மேலயும் கீழயும் பழைய துண்டைச் சுருட்டி வெச்சு, ஆடாம இறுக்கிடலாம்னு இருக்கேன். தந்தியை மொத்தமா கழட்டச் சொல்றாங்க சிலர், எனக்கு அதுல உடன்பாடில்ல.

செக்-இன்ல போட்டவங்க இருக்கீங்களா? 'ஃப்ராஜைல்' ஸ்டிக்கரை யாராவது மதிக்கிறாங்களா? இல்ல கிக் பேக்ல (மெத்தை வெச்ச துணிப்பை) போட்டு கேபினுக்கே எடுத்துட்டுப் போயிடலாமா? நீளம் ஒரு மீட்டர் வருதே, கவுன்ட்டர்ல அனுமதிச்சுட்டு போர்டிங் கேட்ல மறிச்சா என்ன செய்யறது? தனி சீட் வாங்கினவங்க இருந்தா, கட்டுப்படியாச்சான்னும் சொல்லுங்க.

ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு பத்திக் கவலையில்ல. பிரேசில் ரோஸ்வுட் இல்லாத இசைக்கருவிக்கு 2019-லயே சைட்டிஸ்ல (அழியுற நிலையில இருக்கிற உயிரினங்களோட சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்துற ஒப்பந்தம்) விலக்கு வந்துடுச்சு.